இது 'டூ' விட்ட கதை!

சின்ன வயதில் எங்கள் தெருவில் 'டூ' என்றால் ஒரே அர்த்தம்தான். சுண்டு விரலை நீட்டி, "போடி, உன்கூட டூ" என்று சொல்லிவிட்டால் முடிந்தது. கடலை மிட்டாய் கைமாறும் வரை பேச்சு கிடையாது.

நான் சொல்லப்போவது அந்த டூ இல்லை. ஆங்கிலத்தில் ஒரு 'டி' போட்டு, பின்னாலேயே இரண்டு 'ஓ' போடுவோமே, அந்த டூ. எங்கள் இணையதளத்தில் ஒரு சமையல் வீடியோ போட்டால் போதும், கமென்ட்டில் வரிசையாக வந்து நிற்கும். 'டூ டேஸ்டி', 'டூ குட் மேடம்', 'பேபி டூ க்யூட்'. ஆங்கிலத்தை எழுத்துக்கு எழுத்து படிக்கிற ஒருவர் பார்த்தால், 'சாப்பிட முடியாத அளவுக்கு ருசி', 'பார்க்கச் சகிக்காத அளவுக்கு அழகுக் குழந்தை' என்று எடுத்துக்கொண்டு குழம்பிப்போவார். ஆனால் கமென்ட்டில் போடும் டூ-வால் யாருக்கும் நஷ்டமில்லை. சொன்னவருக்குச் சந்தோஷம், சமைத்தவருக்கும் சந்தோஷம்.

என் அம்மா போட்ட டூ-வுக்கு மட்டும் ஆஸ்பத்திரி வரை நீளும் ஒரு கதை இருக்கிறது.

அம்மா, வயதானவர்களை வீட்டிலேயே இருந்து பார்த்துக்கொள்ளும் வேலை செய்கிறார். காலை 8 மணிக்கு அடையாறில் ஒரு ஃபிளாட்டுக்குப் போனால், ராத்திரி 8 மணிக்கு நைட் டியூட்டி அக்கா வந்த பிறகுதான் வியாசர்பாடிக்குத் திரும்புவார். அங்கே இருப்பது 81 வயதுப் பாட்டி. ஒரே மகள் லண்டனில். அப்பாவின் வேலை காரணமாக டெல்லியிலேயே படித்து வளர்ந்தவர் என்பதால் தமிழ் நன்றாகப் பேசுவார், படிக்கத் தெரியாது. அதனால் தினமும் சாயங்காலம் அம்மா அவருக்கு வாட்ஸ்அப்பில் ஆங்கிலத்தில் ஒரு ரிப்போர்ட் அனுப்ப வேண்டும். வாய்ஸ் மெசேஜ் அனுப்பலாமே என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். மகள் ஆபீஸில் இருக்கும் நேரம், கேட்க முடியாது, எழுத்தாக இருந்தால் டாக்டருக்கு அப்படியே அனுப்பிவிடலாம் என்றார்களாம். நியாயம்தான்.

அம்மா பத்தாவது வரை, தமிழ் மீடியம். அவருடைய ஆங்கிலம் மாத்திரை அட்டையிலிருந்தும் டிவி விளம்பரத்திலிருந்தும் சேர்த்தது. அந்த ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு அவர் ஒருநாள்கூட ரிப்போர்ட் அனுப்பாமல் விட்டதில்லை. எனக்கு அதில் பெருமை உண்டு. டிப்ளமோ முடித்த எங்கள் பேட்சில் தினமும் ஒரு ரிப்போர்ட் தவறாமல் எழுதியவர்கள் குறைவு.

ரிப்போர்ட் இப்படி இருக்கும். 'குட் ஈவினிங் அக்கா. பாட்டி டூ ஹேப்பி டுடே. ஈட்டிங் டூ குட். ஆஃப்டர்நூன் ஸ்லீப்பிங் டூ மச்.'

அம்மா சொல்ல வந்தது என்னவென்றால், பாட்டி ரொம்ப சந்தோஷமாக இருந்தார், நன்றாகச் சாப்பிட்டார், மதியம் நிம்மதியாகத் தூங்கினார். லண்டனில் படித்தவருக்குப் புரிந்தது வேறு. அம்மா அளவுக்கு மீறித் தூங்குகிறாள், ஏன்? தூக்க மாத்திரை தவறுதலாக இரண்டு தடவை போய்விட்டதா? உடனே போன், டாக்டருக்கு ஒரு போன், மேல்வீட்டு மாமிக்கு ஒரு போன். மாமி மூச்சிரைக்க இறங்கி வந்து பார்த்தால், பாட்டி சீரியல் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

இன்னொரு நாள் 'பாட்டி டூ கொயட்'. அன்றும் அதே கலவரம். பாட்டி அமைதியாக, யாரையும் திட்டாமல் இருந்த அபூர்வமான நாள் அது. அதைத்தான் அம்மா பெருமையாக எழுதியிருந்தார்.

இப்படி நாலைந்து தடவை ஆனதும் லண்டன் அக்கா பழகிவிட்டார். அம்மாவின் டூ எல்லாம் சும்மா ரொம்பதான் என்று அவரே மொழிபெயர்த்துக்கொள்ளத் தொடங்கினார். ரிப்போர்ட் வந்ததும் ஒரு கட்டை விரல் எமோஜி. அவ்வளவுதான். எல்லோருக்கும் நிம்மதி.

ஏழு மாதம் அப்படியே ஓடியது. டிசம்பரில் ஒரு மழை நாள். சாயங்காலம் ஆறரை இருக்கும், லண்டனில் மதியம் ஒரு மணி. பாட்டிக்கு இரண்டு காலும் வீங்கியிருக்கிறது, மூச்சு வேகமாக வாங்குகிறது, படுக்க வைத்தால் திணறுகிறது, உட்கார வைத்தால் கொஞ்சம் தேவலை. அம்மா மெசேஜ் போட்டார். 'பாட்டி பிரீத்திங் டூ ஃபாஸ்ட். லெக் டூ ஸ்வெல்லிங்.'

கட்டை விரல் வந்தது.

அம்மா மூன்று தடவை போன் செய்தார். எடுக்கவில்லை, அவர் மீட்டிங்கில் இருந்தார். நாலாவது தடவை முயற்சி செய்யாமல் அம்மா 108-ஐக் கூப்பிட்டார். மேல்வீட்டு மாமியும் கூட ஏறிக்கொண்டார். இதயம் சரியாக வேலை செய்யாததால் நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது என்றார்கள். ஆறாவது நாள் பாட்டி வீட்டுக்கு வந்து, ஆஸ்பத்திரி சாம்பாரைப் பற்றிக் குறை சொல்ல ஆரம்பித்த பிறகுதான் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மூச்சு வந்தது.

லண்டன் அக்கா அன்று ராத்திரி போனில் அழுதாராம். "சிஸ்டர், நீங்க தினமும் அப்படித்தானே எழுதுவீங்க. இன்னிக்கு மட்டும் நிஜம்னு நான் எப்படிக் கண்டுபிடிப்பேன்?" அம்மாவிடம் பதில் இல்லை. எனக்கு அந்த அக்கா மேல் கோபம். இப்போதும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது. மூன்று தடவை போன் அடித்தால், வார்த்தையைப் பார்க்காமல் ஆளைப் பார்க்க வேண்டாமா? ஆனால் அவருடைய கேள்வியிலும் நியாயம் இருக்கிறது. தினமும் அடிக்கிற மணியில் தீ விபத்து மணியை எப்படிப் பிரித்துக் கேட்பது?

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா கீரை ஆய்ந்துகொண்டே கேட்டார். "ஏன்டி, ரொம்பன்னா இங்கிலீஷ்ல டூ இல்லையா?"

நான் பள்ளிக்கூடத்திலிருந்து ஆரம்பித்தேன். ஆங்கிலம் இரண்டாம் தாளில் 'ரிமூவ் டூ' என்று ஒரு கேள்வி வருமே, ஞாபகம் இருக்கிறதா? ரென் அண்ட் மார்ட்டின் இலக்கணப் புத்தகத்தில் இதற்கென்று தனிப் பகுதியே உண்டு. 'தாத்தா டூ வீக் டு வாக்' என்று கொடுத்தால், டூ-வை எடுத்துவிட்டு 'ஸோ வீக் தட் ஹி கேனாட் வாக்' என்று மாற்ற வேண்டும். மார்க்குக்காக மனப்பாடம் செய்துவிட்டு நாம் மறந்துபோன இடம் இது. டூ-வை வெளியே எடுத்ததும் உள்ளேயிருந்து ஒரு 'கேனாட்' வந்து விழுகிறது, பாருங்கள். டூ-வுக்குள் எப்போதும் ஒரு 'முடியாது' ஒளிந்திருக்கிறது. தாத்தா 'வெரி வீக்' என்றால் ரொம்பப் பலவீனம், ஆனாலும் மெல்ல நடந்துவிடலாம். 'டூ வீக்' என்றால் நடக்க முடியாது. காபி 'வெரி ஹாட்' என்றால் ஆவி பறக்கிறது, குடி. 'டூ ஹாட்' என்றால் வாய் வைக்காதே.

அம்மா கீரையைக் கீழே வைத்துவிட்டு, "நாம ரெண்டுக்கும் ரொம்பன்னுதானே சொல்றோம்?" என்றார்.

சிக்கலே அங்கேதான். 'காபி ரொம்ப சூடா இருக்கு' என்றால் தமிழில் அது பாராட்டா, புகாரா? சொல்பவரின் முகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். வாட்ஸ்அப்பில் முகம் இல்லை.

'ரொம்ப' என்பதே 'நிரம்ப' என்பதிலிருந்து வந்த சொல்தான். எங்கள் தெருக் குழாயடியில் இன்றைக்கும் 'குடம் ரொம்பிடுச்சு' என்றுதான் சொல்வார்கள். இதைச் சொன்னதும் அம்மா பிடித்துக்கொண்டார். "அப்போ குடம் ரொம்பினா வெரி. வழிஞ்சு தரையெல்லாம் ஈரமானா டூ. அதானே?"

அதேதான். இதைவிட நன்றாக எனக்கு யாரும் வகுப்பில் சொன்னதில்லை.

வேடிக்கை என்னவென்றால், டூ-வின் சரியான பயன்பாடு நம் ஊரில் எல்லோருக்கும் ஏற்கெனவே தெரியும். 'இது டூ மச்' என்று யாராவது பாராட்டாகச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? ஆட்டோ கட்டணம் கேட்டதும் சொல்வோம், மாமியார் சொல்வார், மருமகளும் சொல்வார். சண்டைக்கு மட்டும்தான் அது வரும். 'ஓவர்' என்ற சொல்லும் அப்படித்தான். 'ஓவரா பேசுறான்', 'ரொம்ப ஓவர்'. ஆங்கிலத்தில் 'டூ' செய்கிற வேலையைத் தமிழ்ப் பேச்சில் 'ஓவர்' எடுத்துக்கொண்டுவிட்டது. அதனால் அம்மாவுக்கு ஒரு சோதனை சொல்லிக்கொடுத்தேன். டூ போடுவதற்கு முன்னால் அந்த இடத்தில் 'ஓவரா' என்று சொல்லிப் பார். பாட்டி ஓவரா சாப்பிட்டாங்களா? இல்லை. அப்போ வெரி வெல். பாட்டிக்கு ஓவரா மூச்சு வாங்குதா? ஆமாம். அப்போ டூ ஃபாஸ்ட்.

டெஸ்க்கில் உட்கார்ந்து இந்த இரண்டு சொற்களின் பூர்வீகத்தையும் தேடினேன். 'வெரி' பழைய பிரெஞ்சு மொழியில் 'உண்மை' என்று பொருள்படும் சொல்லிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. அதற்கும் மூலம் லத்தீன். 'வெரிஃபை', 'வெர்டிக்ட்' எல்லாம் அதன் சொந்தக்காரர்கள். 'நிஜமாவே நல்லா இருக்கு' என்று நாம் அழுத்துகிறோமே, அதே உத்திதான். உண்மை என்ற சொல் தேய்ந்து தேய்ந்து 'மிக' என்று ஆகிவிட்டது.

'டூ' இன்னும் சுவாரஸ்யம். ஒரு 'ஓ' போட்டு எழுதும் 'டு'வின் அழுத்தமான வடிவம்தான் இது. தனியாக இரண்டு 'ஓ' போட்டு எழுதும் வழக்கம் 16-ம் நூற்றாண்டில்தான் வந்தது. 'மீ டூ' என்றால் நானும்கூட. 'டூ மச்' என்றால் அளவைவிடக் கூட. ஒரே சொல்லுக்கு ஏன் இந்த இரட்டை வேஷம் என்று யோசித்தபோது, நம் 'கூட' கண்ணில் பட்டது. 'நான்கூட வரேன்' என்கிறோம். 'குழம்புல உப்பு கொஞ்சம் கூட' என்றும் சொல்கிறோம். ஏற்கெனவே இருப்பதோடு ஒன்று சேர்ந்தால் கூட, சேர வேண்டியதைத் தாண்டிச் சேர்ந்தாலும் கூட. எங்கோ இருக்கும் இரண்டு மொழிகள் ஒரே பாதையில் நடந்திருக்கின்றன. அம்மாவிடம் இதைச் சொன்னபோது, "உப்பு கூடன்னு எங்கம்மா சொல்லும்போதெல்லாம் அது இங்கிலீஷ்னு தெரியாம போச்சே" என்று சிரித்தார்.

எழுத்துத் தமிழிலும் இந்தப் பிரிவு இருக்கிறது. பள்ளியில் உரிச்சொல் படிக்கும்போது நனி, தவ, உறு, சால என்று ஒரு கூட்டம் வருமே, எல்லாமே மிகுதியைச் சொல்லும் சொற்கள்தான், எல்லாமே 'வெரி' ஜாதி. டூ-வுக்கு நம்மிடம் இருப்பது 'மிகை'. 'மிக நல்ல நடிப்பு' என்று எங்கள் சினிமா விமர்சனத்தில் எழுதினால் நடிகர் ஷேர் செய்வார். 'மிகை நடிப்பு' என்று எழுதினால் மேனேஜர் போன் செய்வார். நடுவில் இருப்பது ஒரே ஓர் ஐகாரம்.

மழைக்காலத்தில் எங்கள் டெஸ்க்கில் இருக்கும் எல்லோரும் இந்தக் கணக்கைக் கற்றுக்கொண்டாக வேண்டும். இந்திய வானிலை ஆய்வு மையம் 'கனமழை', 'மிக கனமழை', 'அதி கனமழை' என்று மூன்று சொற்களைத் தனித்தனி அளவோடுதான் பயன்படுத்துகிறது. 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டரிலிருந்து 115.5 வரை பெய்தால் கனமழை. 115.6-லிருந்து 204.4 வரை மிக கனமழை, ஆங்கிலத்தில் 'வெரி ஹெவி'. அதற்கும் மேலே போனால் அதி கனமழை, அதாவது 'எக்ஸ்ட்ரீம்லி ஹெவி'. தலைப்பில் விறுவிறுப்புக்காக ஒரு 'மிக' கூடுதலாகச் சேர்க்க முடியாது. சேர்த்தால் 50 மில்லிமீட்டர் வித்தியாசம் வந்துவிடும்.

அந்தப் பட்டியலில் 'டூ ஹெவி' என்று ஒரு வகை கிடையாது. இருக்கவும் முடியாது. 150 மில்லிமீட்டர் எல்லோருக்கும் 'வெரி'தான், மழைமானி சொல்லிவிடும். ஆனால் அது 'டூ' ஆகிறதா என்பது மழைமானிக்குத் தெரியாது. ஏரிக்காரருக்கு அது போதாமல்கூட இருக்கலாம். தரைத்தளத்தில் கட்டிலுக்கு அடியில் தண்ணீர் புகுந்தவருக்கு 60 மில்லிமீட்டரே டூ. ஆக, வெரி என்பது அளவு, டூ என்பது தீர்ப்பு. எதற்கு, யாருக்கு, எவ்வளவு தாங்கும் என்று தெரிந்தவர்தான் டூ போட முடியும். அந்த ஃபிளாட்டில் டூ போடுவதற்குத் தகுதியான ஒரே ஆள் அம்மாதான். பாட்டிக்கு எவ்வளவு தூக்கம் சரி, எவ்வளவு தூக்கம் அதிகம் என்பது லண்டனுக்கும் தெரியாது, கூகுளுக்கும் தெரியாது.

இந்த மாதிரி சின்னச் சொற்களால் பெரிய இடத்திலேயே குழப்பம் வந்திருக்கிறது. 1951 ஏப்ரலில் கொரியப் போரில், இம்ஜின் ஆற்றங்கரையில் பிரிட்டிஷ் படை ஒன்றைச் சீனப் படை வெள்ளமாகச் சூழ்ந்துவிட்டது. பிரிட்டிஷ் தளபதி பிரோடி, மேலே இருந்த அமெரிக்க ஜெனரலிடம் நிலைமை 'எ பிட் ஸ்டிக்கி', அதாவது கொஞ்சம் சிக்கல் என்று சொன்னதாகச் சொல்வார்கள். பிரிட்டிஷ்காரர் வாயில் 'கொஞ்சம்' என்றால் கழுத்துவரை வந்துவிட்டது என்று அர்த்தம். அமெரிக்கருக்கு அது கொஞ்சமாகவே கேட்டதாம். மலைமேல் மாட்டிக்கொண்ட குளோஸ்டர் படைப்பிரிவில் பெரும்பாலானவர்கள் சிறைபிடிக்கப்பட்டார்கள். இரண்டு பக்கமும் பேசியது ஆங்கிலம்தான். பத்தாவது தமிழ் மீடியத்தை மட்டும் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது?

டூ-வுக்கு விதிவிலக்கும் உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் ஆங்கில ஆசிரியர்கள் யாராவது எனக்கு டூ விட்டுவிடுவார்கள். 'யூ ஆர் டூ கைண்ட்' என்று வெள்ளைக்காரர் சொன்னால் திட்டு இல்லை. என் தகுதிக்கு மேல் அன்பு காட்டுகிறீர்கள் என்ற பணிவு. 'ஒன்லி டூ ஹேப்பி' என்றாலும் மகிழ்ச்சிதான். 'நாட் டூ பேட்' என்றால் பரவாயில்லை ரகம். 'டூ குட்' என்பதும் நம் நாட்டு ஆங்கிலத்தில் பாராட்டாக ஊறிவிட்டது. அதைப் பிடுங்கி எறிய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பிரியாணிக்குப் போடுங்கள். பிளட் பிரஷருக்குப் போடாதீர்கள்.

பாடமெல்லாம் முடிந்த மறுநாள் அம்மா என்ன செய்தார் தெரியுமா? வெரியும் போடவில்லை, டூ-வும் போடவில்லை. 'மார்னிங் 2 இட்லி. ஸ்லீப்பிங் 2 டு 4. பிபி 130 பை 80. வாக்கிங் 10 மினிட்ஸ்.' வெறும் எண்கள். "எதுக்கு வம்பு? நம்பருக்கு ரெண்டு அர்த்தம் கிடையாது" என்றார். என் எடிட்டர் மூன்று வருடமாக எங்களிடம் கேட்டுக்கொண்டிருப்பதும் இதைத்தான்.

லண்டன் அக்கா உடனே பதில் போட்டிருந்தார், 'சிஸ்டர், யுவர் இங்கிலீஷ் இஸ் கொயட் குட் நௌ' என்று. அம்மா அந்த மெசேஜைத் தெருவில் பாதிப் பேருக்குக் காட்டிவிட்டார். அமெரிக்காவில் 'கொயட் குட்' என்றால் ரொம்ப நன்றாக இருக்கிறது. லண்டனில் அதற்கு, குரலைப் பொறுத்து, 'ஏதோ தேவலை' என்றும் பொருள் உண்டு. டெல்லியில் வளர்ந்து லண்டனில் வாழ்பவர் எந்தக் கணக்கில் சொன்னார் என்று அம்மா என்னிடம் கேட்கவில்லை. நானாக வாய் திறக்கவில்லை.

ஐந்து மாதமாக எண்கள் மட்டும்தான் போய்க்கொண்டிருந்தன. போன வாரம் ஒரு சாயங்காலம், அனுப்புவதற்கு முன்னால் அம்மா எனக்கு ஒரு வரியை அனுப்பிச் சரிபார்க்கச் சொன்னார். 'டாக்டர் ஸெட் நோ பிக்கிள். ஐ ஹைடு பாட்டில். பாட்டி டூ ஆங்ரி வித் மீ.'

போன் செய்து, "அது வெரி ஆங்ரிம்மா" என்றேன்.

"இல்லடி, சோதனை பண்ணிப் பார்த்துட்டுதான் போட்டேன்" என்றார் அம்மா. பின்னால் பாட்டியின் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. "ஓவராத்தான் கோபப்படுறாங்க."